கிளட்ச் கேபிள்தான் காரணம்

மார்ச் 3, ஞாயிறு

பஞ்சாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திரப் பராமரிப்பு பார்த்தவன் நான். எந்த இயந்திரம் நின்றாலும் பழுது என்ன, காரணம் என்ன, என்ன செய்தோம் என்று மூன்று வரி எழுதாமல் யாரையும் வீட்டுக்குப் போகவிட மாட்டேன். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘மூணு வரி’ என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் கிடந்தேன். இப்போது இருக்கிறது.

சாந்தாமணிக்கு ஸ்பிதி பள்ளத்தாக்கு பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடம் புவியியல் டீச்சர். இமயமலையைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்தாளோ கணக்கில்லை, ஒரு துண்டுப் பனியைத் தொட்டதில்லை. காரில் போகலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். கல்யாணமான புதிதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் “உன்னை வண்டியிலேயே இமயமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று நான் சொன்னதை இன்னும் பிடித்து வைத்திருக்கிறாள். ஜூன் கடைசி என்று நாளும் குறித்தாகிவிட்டது.

இன்று ஷோரூமில் நானூறு சிசி வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். உயரம், கம்பிச் சக்கரம், அடியில் கல் இடிக்காத இடைவெளி எல்லாம் நன்றாகவே இருந்தன. சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் கையை விட்டு நழுவி, வண்டி துள்ளி, முன்னால் நின்ற ஆட்டோவில் மோதப் பார்த்தது. திரும்பி வந்து கிளட்ச் ரொம்ப இறுக்கம் என்றேன். விற்பனைப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“ரெண்டு விரல்ல இழுக்கலாம் சார். எங்க வண்டியிலயே இதுதான் சாஃப்ட்.”

எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டாவது ஷோரூம். அதற்கும் கிளட்ச் சரியில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சாந்தாமணி சமையலறையிலிருந்து, “ஏனுங்க, பொண்ணு பாக்கறப்ப ஒரே வீட்டுல முடிச்சீங்க. வண்டி பாக்க எத்தன வீடு ஏறுவீங்க?” என்றாள். சிரித்தேன். பயமாக இருந்தது.

வண்டியைப் பற்றிய பயம்தான். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு, கல்லும் மணலும் தண்ணீரும் உள்ள பாதையில் போக வேண்டும். கனமான வண்டி சாய்ந்தால் ஐம்பத்து நான்கு வயதில் என்னால் தூக்க முடியாது. ஆகவே இருநூறு சிசி, பழைய வண்டி, எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடியது என்று முடிவு செய்தேன். எல்லாமே நியாயமான காரணங்கள்.

மார்ச் 24, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. உக்கடத்தில் ஹனீபா பாயின் பட்டறையில் விட்டேன். தனி ஆள், அறுபது வயது, இருபது வருடமாக லடாக், ஸ்பிதி போகிற பையன்கள் எல்லோரும் அவரிடம்தான் வண்டியைக் கொடுக்கிறார்கள். தூரம் போகிற வண்டியை வேலை முடிந்ததும் அவரே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பார், அதற்கு முன்னால் சாவியைத் தரமாட்டார்.

கிளட்ச் கேபிளை மாற்றச் சொன்னேன். “இது நல்லாத்தான சார் இருக்கு,” என்றார். மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வால்பாறை ஒத்திகை. சாந்தாமணி பின்னால். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பதினேழாவதில் இடது கை மரத்துப்போனது. சுண்டுவிரலும் மோதிர விரலும் லிவரில் இருக்கின்றனவா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குரங்கு பார்க்கலாம் என்று சொல்லி நிறுத்தினேன். அந்த இடத்தில் ஒரு குரங்கும் இல்லை. அவள் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தாள், நான் வலது கையில் வாங்கிக்கொண்டேன்.

பழுது: கிளட்ச் இறுக்கம். காரணம்: கேபிள். செய்தது: நாளை மறுபடி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இரண்டாவது கேபிள் போட்டாயிற்று. ஹனீபா பாய் லிவரைத் தன் ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினார். பிறகு என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அவர் லிவரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. கைய ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்களேன்.”

“நீங்க வண்டியப் பாருங்க பாய்,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

ஏப்ரல் 10, புதன்

நேற்று அந்த மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் இடது கையில்தான் ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான். பிறகு கையெழுத்து. பிறகு நடை. கடைசி ஒன்பது வருடம் அம்மாதான் ஊட்டிவிட்டாள். அவர் வாயைத் துடைக்கும்போது அம்மா சுவரைப் பார்ப்பாள். அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கடையில் ஆறு டி-ஷர்ட் வாங்கினேன். வெயிலுக்கு அதுதான் வசதி.

மே 5, ஞாயிறு

வண்டி வேலை நன்றாகப் போகிறது. முன்னும் பின்னும் கல்லிலும் மணலிலும் பிடிக்கிற கட்டை போட்ட டயர். புதுச் சங்கிலி, புதுப் பல்சக்கரம். என்ஜினுக்கு அடியில் தகடு. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு முறுக்கினோம். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் போடும், சரியான கம்பி கணீர் என்னும். அந்த இரண்டு மணி நேரமும் நான் பயப்படவில்லை.

கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் ஓட்டி, டேக் போட்டுக் கட்டிவைத்தார் ஹனீபா பாய். தூரம் போகிறவர்களின் வழக்கம் அது. வழியில் ஒன்று அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. என் கையைப் பற்றிய பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

மே 20, திங்கள்

நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். சக்கர நாற்காலியில் ஒருவரை இறக்கினார்கள். அவருடைய மனைவி குனிந்து அவர் செருப்பை மாட்டிவிட்டார். அதுவரைதான் என்னால் நிற்க முடிந்தது, திரும்பிவிட்டேன்.

ஏர் ஃபில்டர் வாங்கப் போனேன் என்று சாந்தாமணியிடம் சொன்னேன். ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது டாக்டர் இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பயணம் நின்றுவிடும். பயணம் நின்றுவிட்டால் அவளுக்கு நான் என்ன?

ஜூன் 11, செவ்வாய்

பெட்ரோலை வடித்து, வண்டியைச் சாக்கில் சுற்றித் தைத்து ரயிலில் சண்டிகருக்கு ஏற்றியாயிற்று. அது தொலைந்துபோனால்கூட எனக்குச் சந்தோஷம்தான் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

ஜூன் 19, புதன்

சண்டிகர். வண்டி தொலையவில்லை.

ஜூன் 22, சனி

கல்பா. இவள் ஒரு வினாடி வாயை மூடவில்லை. பாறை அடுக்கைக் காட்டுகிறாள், ஆறு வெட்டின பள்ளத்தைக் காட்டுகிறாள், “இங்க பாருங்க, முப்பது வருசம் சாக்பீஸ்ல கோடு போட்டேன், அது இத்தன பெருசுங்க!” என்று என் முதுகில் அடிக்கிறாள். இருபத்தாறு வருடம், முப்பது இல்லை என்று திருத்தினேன். ஹெல்மெட்டில் ஒரு தட்டு வாங்கினேன்.

அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் பாதையின் விளிம்பை மட்டும் பார்க்கிறேன். கீழே சட்லெஜ் பழுப்பாக ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கிளட்சைப் பிடிக்கும் முன் விரல்களுக்கு மனசுக்குள் உத்தரவு போடுகிறேன், சில வளைவுகளில் தாமதமாகக் கேட்கின்றன.

ஜூன் 25, செவ்வாய்

காசா. பனி தொட்டாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள், என் கழுத்துக்குள்ளும் போட்டாள்.

நாளைதான் மோசமான பகுதி. குன்சும் கணவாய் ஏறி இறங்கி, சத்ரு என்கிற ஊர் வரை பாதை என்று எதுவும் கிடையாது, கல்தான். பனி உருகி வரும் ஓடைகள் பாதையின் மேலேயே ஓடும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் மதியத்துக்குப் பிறகு இடுப்புக்கு ஏறிவிடுமாம். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள் என்று விடுதிக்காரர் மூன்று தடவை சொன்னார்.

ஐந்தரைக்கு இங்கே குளிர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று காலை அந்தக் குளிரில் என் இடது கை பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூட மூடிப் பிடிக்கவில்லை. ஒன்பது மணி வெயில் பட்ட பிறகுதான் விரல் மடங்கியது.

ஜூன் 26, புதன்

என்ஜின் குளிரில் சூடாக நேரம் எடுக்கும் என்று சொல்லிப் பத்து மணிக்குத்தான் கிளம்பினோம்.

சத்ருவுக்கு முன்னால் ஓடையில் கிளட்ச் கேபிள் அறுந்தது. சாந்தாமணி விழுந்துவிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்திருக்கலாம்.

ஜூன் 27, வியாழன்

மணாலி. கட்டுப் போட்டாயிற்று, ஆறு வாரம்.

நேற்று மாலை சத்ருவில் தங்கிய கூடாரத்தில் நான் எழுதிய இன்னொரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மணி நாலு இருக்கும். தண்ணீர் சத்தம் வளைவுக்கு முன்பே கேட்டது. முப்பது அடி அகலம், அடியில் உருண்டைக் கல், இடது பக்கம் கீழே பெரிய ஓடையில் போய் விழுகிறது. இறங்கி நடந்து வா என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்தத் தண்ணீரில் அவளால் தனியாக நடக்க முடியாது என்று நினைத்தேன். பாதி கிளட்சில், ஒரே வேகத்தில், நிற்காமல் போக வேண்டும் என்பது விதி. நடுவில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டியது. கிளட்ச் போய்விட்டது. வண்டி துள்ளி இடது பக்கம் சாய்ந்தது. முதுகிலிருந்த அவள் பாரம் சட்டென்று இல்லாமல் போனது.

திரும்பிப் பார்த்தபோது அவளுடைய ஆரஞ்சு ஹெல்மெட் பத்தடி தள்ளித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. எதிர்க்கரையில் காத்திருந்த கல் லாரி டிரைவர் செருப்போடு குதித்து, விளிம்புக்கு இரண்டடி முன்னால் அவள் ஜாக்கெட்டைப் பிடித்தார். நான் அசையவே இல்லை. வண்டி என் காலைப் பிடித்திருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுக்க உண்மை இல்லை.

அவளை லாரியில் உட்காரவைத்துப் போர்த்திவிட்டு, நான் கரையில் வண்டியோடு தனியாக இருந்தேன். டூல் பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. மாற்றுக் கேபிளை மாட்டப் பத்து நிமிடம் ஆனது.

லாரியிலிருந்து அவள் கேட்டாள், பல் கிடுகிடுக்க: “என்னாச்சுங்க வண்டிக்கு?”

“கேபிள் அறுந்துருச்சு.”

“அந்த பாய் போட்டதுதானுங்களே?”

ஆமாம் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சிக்னல் கிடைத்ததும் சாந்தாமணி ஹனீபா பாய்க்குப் போன் போட்டாள். வகுப்பில் பையன்களைத் திட்டுகிற குரல். “நம்பித்தான உங்ககிட்ட விட்டோம். இன்னும் ரெண்டடி போயிருந்தா நான் இல்லீங்க பாய்.” ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.  அவர், “சார் எப்படி இருக்காரு டீச்சரம்மா?” என்று கேட்டார்.

நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 3, புதன்

வீடு. ஹனீபா பாயிடமிருந்து நான்கு அழைப்புகள் வந்திருக்கின்றன. எடுக்கவில்லை.

அவளுக்கு நானே சோறு பிசைந்து ஊட்டுகிறேன், வலது கையால். “நீங்க ஊட்டறது நல்லாத்தான் இருக்கு. கட்டுப் பிரிச்சாலும் சொல்லமாட்டேன்,” என்கிறாள். எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன், சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

நான் எடுக்காததால் ஹனீபா பாய் சாந்தாமணிக்கே போன் செய்திருக்கிறார். அந்தப் பெட்டிக் கேபிள் எல்லாமே கோளாறாக இருக்கும் என்று நினைக்கிறாராம். அதே பெட்டியிலிருந்து மாட்டின ஐந்து வண்டிகளைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்துவிட்டாராம். இன்னும் இரண்டு பேர் லடாக்கில் லே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வண்டியைத் தொடவே கூடாது, புதுக் கேபிள் பார்சல் வருகிறவரை அங்கேயே இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இனிமேல் மலைக்குப் போகிற வண்டியைத் தொடப்போவதில்லை என்றும் சொன்னாராம்.

“பாவமாத்தான் இருக்குதுங்க. ஆனா தப்புன்னா தப்புதான?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம். அறுந்த கேபிளைப் பார்க்க வேண்டுமாம்.

அதை அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். “நான் எடுத்து வெச்சிருக்கறனுங்க,” என்றாள். லாரி கிளம்பும் முன் இறங்கிவந்து கரையில் கிடந்ததைத் தன் பையில் போட்டுக்கொண்டாளாம், பாயிடம் காட்ட.

சாப்பிட முடியவில்லை. மில்லில் ஒருதடவை பெல்ட்டில் கை மாட்டப் பார்த்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

ஜூலை 6, சனி

பீரோ, பெட்டி, அவளுடைய பை எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. எதைத் தேடறீங்க என்றாள். நகவெட்டி என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சாந்தாமணியின் கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பூஜை அலமாரியிலிருந்து கேபிளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அங்கே நான் தேடியிருக்கவில்லை.

கேபிள் தானாக அறுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒவ்வொரு இழையாகப் பிய்ந்து, நுனி தேய்ந்த துடைப்பம்போல் நீளமும் குட்டையுமாக நிற்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நுனியைக் கட்டை விரலால் தடவினார். எல்லா இழையும் ஒரே மட்டம். பிளேயரின் வாய் அழுத்தின தடம் அதில் தட்டையாக இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடிமேல் வலது கையால் மூடி வைத்திருந்த என் இடது கையைப் பார்த்தார். 

பிறகு கேபிளைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என் தப்புதான் டீச்சரம்மா. மன்னிச்சிருங்க.”

“இத்தன வருசம் வேல பாக்கறவரு நீங்க, பாத்து மாட்ட வேண்டாமுங்களா? இந்த மனுசன் ஒவ்வொரு நட்டா பாத்துப் பாத்து எனக்காகத் தயார் பண்ணுனாரு…”

“ஆமாம்மா.”

“அத்தன கஷ்டமும் வீணாப் போச்சு.”

“ஆமாம்மா,” என்று சொல்லிக்கொண்டே எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அவரைப் போகவிட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதைத்தான் விரும்பினேன், மறைக்கப் போவதில்லை. அவர் குனிந்து செருப்பை மாட்டினார். ஒரு கால் மாட்டி, மறு காலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் செய்யாத தப்புக்குத் தொழிலை விடப்போகிறார், என் மானத்துக்காக என் வீட்டிலேயே திட்டு வாங்கிக்கொண்டு போகிறார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

“பாய், நில்லுங்க.”

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு சாந்தாமணியைப் பார்த்துச் சொன்னேன்.

“அது அறுகல சாந்தா. நான்தான் வெட்டினேன். கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. என் கைதான் விட்டுருச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. இடது கையை நீட்டினேன். நடுங்குகிறது என்று காட்ட நினைத்தேன், அது நடுங்கக்கூட இல்லை, பாதி மடங்கி அப்படியே நின்றது. மூடு என்று கைக்குச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அது மெதுவாக, தன் இஷ்டத்துக்கு மூடியது. அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவர் கடைசி மூன்று வருடம் இருந்ததை அவளும் இந்த வீட்டில்தான் பார்த்தாள்.

“எப்ப இருந்துங்க?”

“மார்ச். அதுக்கும் முன்னாடியே இருக்கலாம்.”

“தெரிஞ்சேதான் என்னைப் பின்னாடி உக்கார வெச்சீங்களா?”

நீட்டிய கையை மறுபடி வலது கையால் மூடிக்கொண்டேன். 

அவள் என்னை விட்டுவிட்டு ஹனீபா பாயிடம் போனாள். கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். “நான் பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க பாய்.” அவர் “ஐயோ டீச்சரம்மா” என்று பின்னால் நகர்ந்தார். லே போன பையன்களிடம் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். அவர் வாசலிலேயே நின்று போன் போட்டார். “கேபிள்ல ஒண்ணும் இல்லடா, தைரியமாப் போங்க” என்று மட்டும் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு சாந்தாமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் நான் பிசைந்து வைத்த சோறு அப்படியே காய்ந்தது. அவள் இடது கையால் பிஸ்கட் சாப்பிட்டாள்.

ஜூலை 8, திங்கள்

காலையில் குளித்துப் புடவை மாற்றி வாசலில் நின்றாள். ஆட்டோவும் நின்றது. எங்கே என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நேற்று மதியத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டோக்கன் பதினான்கு, உள்ளே பதிமூன்று. பயத்தில் எழுத்து இறங்கி இறங்கிப் போகிறது. பெயர் வைத்துவிடுவார்கள், மருந்து எழுதுவார்கள், அதன்பிறகு நான் அப்பா. இங்கே வருகிற நோயாளிகள் யாரையும் பார்க்காமல் இருக்கத்தான் நோட்டைக் கொண்டுவந்தேன்.

நர்ஸ் இப்போது வந்தார். அவளுடைய கட்டைப் பார்த்துவிட்டு, “நீங்கதானம்மா பேஷன்ட்? எந்திரிங்க,” என்றார்.

“நான் இல்லீங்க,” என்றாள் சாந்தாமணி. “என்ர வூட்டுக்காரருக்குத்தான். அவர் கூட நானும் உள்ள வரோணும்.”